பிளாஸ்டிக் சர்ஜனுக்குப் பக்கத்து அறை

அடுத்தவர் மூக்கை உற்றுப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் உலகத்தில் அதிகம் இல்லை. எனக்கு அது வாய்த்திருக்கிறது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நான் ஆலோசகர். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் நோயாளிகள் பக்கத்து அறைக்கு வந்து என்னிடம் கேட்பார்கள். கோலார் தங்க வயலில் இருக்கும் என் மாமியார், மருமகளுக்கு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். குடம் மலிவாகக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டும் விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பிறர் சொல்வதைக் கேட்டே பிழைக்கிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.

இது யார் விரல்?

செல்வம் தர்மபுரிக்காரர். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். அந்த மெஷின் ஒரு நாள் அவருடைய வலது கட்டைவிரலை நசுக்கிவிட்டது. ஒட்டவைக்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால், எங்கள் டாக்டர் காலிலிருந்து ஒரு விரலை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார். பல மாதம் பயிற்சி செய்து, அந்த விரலால் சட்டைப் பொத்தான் போடுகிற அளவுக்குத் தேறினார் செல்வம். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வாசலில் சிக்கல். கட்டைவிரலை வைத்தால்தான் வருகை பதிவாகும்; புது விரலை மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. இது இவருடைய விரல்தான் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவரும் எழுதித் தந்தார். அதற்குப் பிறகும் தயங்கித் தயங்கி, கடைசியில் இடது கை விரலைப் பதிந்துகொண்டார்களாம். இதைச் சொல்ல வந்த செல்வத்திடம், இப்போது எந்த இடத்தில் வேலை என்று கேட்டேன்.

"அதே பிரஸ்லதான் மேடம். விரலை எடுத்துக்கிட்ட மெஷினு எங்கிட்ட ஒரு ஆதாரமும் கேக்கலை, வாசல்ல இருக்கிற மெஷினுதான் கேட்டுச்சு."

திருப்பதிக்குப் போனவர்

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், முடி நடும் சிகிச்சைக்கு வந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சைக்கு முதலில் தலையை ஒட்ட மழிக்க வேண்டும் என்றதும் ஆள் ஆடிப் போய்விட்டார். அலுவலகத்தில் என்ன சொல்வது? நெடுநேரம் யோசித்து, திருப்பதிக்கு வேண்டுதல் என்று சொல்லி லீவு போட்டார். நல்ல யோசனை என்று நானும் பாராட்டினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. வீக்கமோ, ரத்தக் கசிவோ என்று பதறிப்போய் எடுத்தேன். அதெல்லாம் ஒன்றும் இல்லையாம். அவருடைய மேலதிகாரி பெரிய பக்தராம். தரிசனம் எப்படி, கூட்டம் எப்படி என்று குடைந்துகொண்டே இருக்கிறாராம்.

"தலை நல்லாத்தான் இருக்கு மேடம். திங்கக்கிழமை ஆபீஸ் போகணும், டீம் மொத்தமும் காத்திட்டிருக்கு. பெங்களூர்ல லட்டு எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பு

எங்கள் டாக்டர் கன்னடக்காரர். தமிழ் புரியும், பேச மட்டும் வராது. தமிழர்கள் வந்தால் நான்தான் நடுவில் நிற்க வேண்டும். ஒரு நாள், மூக்கைத் திருத்திக்கொள்ள ஒரு பெண் வந்தாள். கூடவே அப்பா. இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே மூக்கு. டாக்டர் திரையில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டு, தண்டு புடைத்திருக்கிறது, நுனி தொங்குகிறது, துவாரம் அகலம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அத்தனையையும் அந்த அப்பாவின் முகத்துக்கு எதிரே நான் தமிழில் சொல்ல வேண்டும். புடைப்பை 'லேசான மேடு' ஆக்கினேன், தொங்கலை 'கொஞ்சம் இறக்கம்' ஆக்கினேன். மனிதர் தன் மூக்கைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

மகள் தேதி குறிக்க வெளியே போனதும் அவர் என் பக்கம் சாய்ந்தார். மனம் புண்பட்டுத்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் ஆறுதல் வார்த்தை தேடினேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைப் பாத்தா கண்டுபுடிச்சிடுவாங்களேம்மா, என் மூக்குக்கும் சேத்து ஒரு வழி கேட்டுச் சொல்லுங்க."

பழைய சிரிப்பு

ஸ்டெல்லா ஜீவனஹள்ளியிலிருந்து வந்தவள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். குழந்தைக்கு மேலுதடு பிளந்திருந்தது. முதல் தடவை வந்தபோது அதன் முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் குழந்தை தூங்குகிறது என்று சொல்லி உள்ளேயே வைத்திருப்பாளாம்.

உதடு அழகாகச் சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்து குழந்தையைக் கையில் கொடுத்ததும் கணவர் கும்பிட்டார், நர்ஸ்கள் கொஞ்சினார்கள். ஸ்டெல்லா மட்டும் வெகுநேரம் குழந்தையைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில்தான் என்று எல்லாரும் நினைத்தோம். என் அறைக்கு வந்து சொன்னாள்: தன்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்த பிள்ளை இது இல்லையாம். ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்த அந்தச் சிரிப்பு அவளுக்கு மட்டும் பிடித்துப் போயிருக்கிறது. தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த முறை துண்டு இல்லாமல் வந்தாள். குழந்தை புது உதட்டால் என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது திருப்திதானே என்றேன்.

"இதுவும் பழகிடுச்சுக்கா. பழைய போட்டோவை அழிச்சிடுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, அதை மட்டும் நான் அழிக்க மாட்டேன்."

நிறம் சேரவில்லை

பரிமளா அல்சூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவள். கொதிக்கும் எண்ணெய் கொட்டி, கழுத்துத் தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டது. வருஷக்கணக்கில் தரையைப் பார்த்தே நடந்தாள். டாக்டர் தழும்பை வெட்டி விடுவித்து, தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் வைத்தார். தலை நிமிர்ந்தது. ஆனால் ஒட்டின தோல் கறுத்து, தனியாகத் தெரிந்தது. டாக்டருக்கு அது பெரிய குறை. நிறத்தைச் சரி செய்ய இன்னொரு சிகிச்சை வேண்டுமா என்று அவளிடம் கேட்டு வைக்கச் சொன்னார்.

கேட்டேன். பரிமளா அன்று பஸ் ஸ்டாப்பில் நடந்ததைச் சொல்லும் அவசரத்தில் இருந்தாள். என் கேள்வி அவள் காதில் விழவே இல்லை.

"இத்தனை நாளா எந்த நம்பர் பஸ்ஸுன்னு நான்தான் எல்லாரையும் கேப்பேன் மேடம், இன்னிக்கு ஒருத்தர் என்னைக் கேட்டாரு, நிமிந்து பாத்துச் சொன்னேன்."

மொத்தத்தில், மயக்க மருந்தில் ஆள் பேசாமல் படுத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் தொழிலிலேயே சுலபமான பகுதி.