கந்தல் கொண்டுவந்தவர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. ‘வாத்தியார் சோம்பிவிட்டாரா?’ என்று விரிஞ்சிபுரத்து வாசகர் ஒருவர் கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. கிணற்றில் விழுந்துவிட்டேன்.

உவமை ஒன்றுமில்லை. நிஜக் கிணறு.

ஆம்பூரில் எங்கள் ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஊறி, குடிக்க லாயக்கில்லாமல் போய், பல வருஷமாக யாரும் தொடுவதில்லை. தண்ணீரும் வற்றிவிட்டது. அடியில் சேறு மட்டும். கைப்பிடிச் சுவர் சரிந்துவிட்டது, மேலே பனையோலை போட்டு மூடியிருக்கிறார்கள். ‘இதைத் தூர்த்துவிடுங்கள், பிள்ளைகள் ஓடியாடும் இடம்’ என்று ஸ்கூல் கமிட்டிக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதம் கிடைத்தது என்றார்கள். இரண்டாவது கடிதத்துக்கு, முதல் கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாப் பந்தலுக்கு இடம் அளந்துகொண்டிருந்தோம். அளவு நாடாவின் ஒரு முனை என் கையில். மறு முனை எங்கள் சபை மூப்பர் தேவசகாயம் கையில். ஜோலார்பேட்டையில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் விதிமுறை இல்லாமல் தும்மக்கூட மாட்டார். “இன்னும் பின்னால போங்க... இன்னும் கொஞ்சம்” என்றார். போனேன். ஓலை முறிந்தது.

இருபத்தைந்து அடி இருக்கும். சேறு என்னை இடுப்பு வரைக்கும் வாங்கிக்கொண்டது. எலும்பு எதுவும் முறியவில்லை... அதற்கும் சேற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மேலேயிருந்து முதல் குரல் வந்தது.

“இன்னா வாத்தியாரே, நாடாவ ஏன் இப்படி இழுக்கறீங்க?”

“நான் உள்ள வுழுந்துட்டேன்!”

“எதுக்குள்ள?”

எதுக்குள்ளவா?

கூட்டம் சேர்ந்தது. விளிம்பில் தலைகள் தெரிந்தன. ஆளுக்கொரு யோசனை. எங்கள் சபைக் கோவில் மணியின் கயிறு நல்ல கெட்டிக் கயிறு, அதை அவிழ்த்துக்கொண்டு வரலாம் என்று யாரோ சொன்னார்கள். நியாயமான யோசனை. தேவசகாயம் தடுத்துவிட்டார்.

“அது சபைச் சொத்து. கமிட்டி தீர்மானம் இல்லாம கழட்டக் கூடாது. போதகரும் ஊர்ல இல்ல, குடியாத்தம் போயிருக்காரு. நாளைக்கு யாராவது கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

“ஆளு கீழ இருக்கிறேன், மூப்பரே!” என்று கத்தினேன்.

“உங்களையும்தான் வாத்தியாரே யோசிக்கிறோம். கொஞ்சம் பொறுங்க.”

அடுத்தபடியாக மூப்பர் ஞானமுத்து ஜெபிக்கலாம் என்றார். ஜெபத்தைக் குறை சொல்கிறவன் அல்ல நான். ஆனால் ஞானமுத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தால் ஆதியாகமத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். பேழையிலிருந்த நோவாவைக் காத்தீரே... குழியில் போடப்பட்ட யோசேப்பைக் காத்தீரே... சிங்கக் கெபியில் தானியேலை... மீனின் வயிற்றில் யோனாவை... பெரிய பெயர்கள் ஒன்றுவிடாமல் வந்தன. அதற்குள் சேறு எனக்கு இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. நடுவில் நானே கீழேயிருந்து ‘ஆமென்’ என்று கத்திப் பார்த்தேன். முடிந்துவிட்டதென்று நினைக்கட்டுமே! அவர் நினைக்கவில்லை.

ஒருவழியாகப் பந்தலுக்கு வாங்கிய தேங்காய்நார்க் கயிறு ஒன்று வந்து விழுந்தது. அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டேன். ஆறு பேர் இழுத்தார்கள். சேற்றில் புதைந்தவனை இழுப்பது வாளியை இழுப்பது மாதிரியா? சேறு விடவில்லை, அவர்களும் விடவில்லை. நடுவில் என் தோல். சட்டை கிழிந்து, கயிறு சதையில் இறங்கியது. ஒரு ஆள் உயரம் மேலே போயிருப்பேன்... வலி பொறுக்காமல் அலறினேன். பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள். மறுபடியும் தொப்பென்று சேறு. இந்தத் தடவை மார்பு வரைக்கும்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். இருபது வருஷம் வேதபாடம் நடத்துகிறவனுக்கு ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சைச் சேறு அமுக்கியது. என் மனைவி எஸ்தருக்கு யார் போய்ச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

மேலே ஒரு புதுத் தலை தெரிந்தது.

“வாத்தியார்! மூச்சு வுட முடியுதா உங்களால?”

காசிம் பாய். பக்கத்துத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தினமும் சலாம் வைப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவ்வளவு நேரமாக எல்லோரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான்.

“கொஞ்சமா வுட முடியுது, பாய்.”

“ஆடாதீங்க. ஆடினா ஜாஸ்தி உள்ள இழுக்கும். இதோ வர்றேன்.”

தலை மறைந்தது. “பார்த்தீங்களா, எட்டிப் பார்த்துட்டுப் போய்ட்டான்” என்றார் தேவசகாயம்.

போனவர் வந்தார். நாலு ஆட்களோடு வந்தார். ஷாப்புக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற வடக்கயிறு ஒருவர் தோளில். காசிம் பாய் கையில் ஒரு துணிமூட்டை — கிழிந்த கைலிகள்.

“கந்தல் எதுக்குப்பா?” என்றார் ஞானமுத்து.

“கக்கத்துக்கு. சும்மா கயித்தைப் போட்டு இழுத்தா மனுசன் கிழிஞ்சிடுவாரு. ஊறின தோலு சட்டுனு உரியும் சாமி. தெனம் பாக்கறேனே நானு.”

“சரி, வீசு.”

“வீசினா சேத்துல பூடும். அவரு குனிஞ்சு எடுப்பாரா?”

கைலிகளைக் கயிற்று நுனியில் கட்டி, என் முகத்துக்கு நேராக மெதுவாக இறக்கினார்.

“அவசரம் வாணாம் வாத்தியார். ரெண்டு கக்கத்துலயும் மடிச்சு வைங்க. அதுக்கு மேல கயிறு வரட்டும். ஆச்சா? நான் சொல்றப்போ காலை மட்டும் லேசா அசைங்க.”

கொஞ்சம் இழுத்தார்கள், நிறுத்தினார்கள். சேறு தளர்ந்ததும் மறுபடி இழுத்தார்கள். இருட்டுவதற்குள் நான் தரையில் கிடந்தேன்.

அன்றைக்குப் படுக்கையில், முதுகுக்கு எஸ்தர் மருந்து போடும்போது, சுரீர் என்று நினைவு வந்தது — மருந்தால் அல்ல. எரேமியாவுக்கும் இதேதானே நடந்தது! தண்ணீரில்லாத கிணறு, சேறு, ஊர்ப் பிரபுக்கள் போட்டுவிட்டதால் அதில் அமிழ்ந்த தீர்க்கதரிசி. அவரைத் தூக்கிவிட்டவர் யார்? அரண்மனையில் வேலை பார்த்த ஓர் எத்தியோப்பியர். எபெத்மெலேக் என்று பெயர். பொக்கிஷ அறைக்குக் கீழேயிருந்து பழைய கந்தல்களைத் தேடியெடுத்து, கயிற்றில் கட்டி இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னவர். வீசவில்லை. இறக்கினார். எத்தனை வருஷம் அந்த அதிகாரத்தைப் பாடம் நடத்தியிருக்கிறேன்! பரீட்சையில் ராஜாவின் பெயரைக் கேட்டிருக்கிறேன், தீர்க்கதரிசியின் தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறேன். கந்தலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அக்குளில் தோல் உரியாமல் அது புரியவில்லை எனக்கு.

சரி, கதை முடிந்தது என்கிறீர்களா? எரிச்சல் இனிமேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்காக ஸ்தோத்திர ஆராதனை. போதகர் திரும்பி வந்திருந்தார். பிரசங்கம் எதைப் பற்றி? எரேமியாவும் கிணறும்! நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகு அனுமதித்த அளவுக்கு. ஒரு மணி நேரம் பேசினார். கிணறு என்பது உலகமாம். சேறு பாவமாம். கயிறு கிருபையாம். எபெத்மெலேக் வருவார், வருவார் என்று காத்திருந்தேன்... வரவேயில்லை. எரேமியா தானாகவே ஏறி வந்துவிட்டார் போலிருந்தது. பிறகு நன்றியறிதல். சமயத்தில் ஜெபித்த மூப்பர் ஞானமுத்துவுக்கு நன்றி. கூட்டத்தைக் கட்டுப்படுத்திய மூப்பர் தேவசகாயத்துக்கு நன்றி. அவர் எழுந்து தலை வேறு வணங்கினார்.

காசிம் பாய்?

ஒருவரும் சொல்லவில்லை. நான்? நானும் சொல்லவில்லை. மூப்பர்கள் இருவரும் ஸ்கூல் கமிட்டியில் இருக்கிறவர்கள். ஆராதனை முடிந்தபின் வாசலில் போதகரிடம் மட்டும் மெல்லக் கேட்டேன். “எபெத்மெலேக்கை விட்டுட்டீங்களே ஐயா?”

“நேரம் போதல, வாத்தியாரே. அதுவும் சின்ன ஆளுதானே.”

மறுநாள் காசிம் பாய் வீட்டுக்குப் போனேன். சாயா கொடுத்தார். அன்றைக்கு ஷாப்புக் கயிற்றை எப்படி வாங்கி வந்தார் என்று அப்போதுதான் கேட்டேன். அதற்கு அவர் யாரிடமாவது போய் நின்றிருக்க வேண்டும் என்றுகூட அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

“முதலாளி மெட்ராஸ் வியாபாரிங்களோட ஆபீஸ்ல உக்காந்திருந்தாரு. நடுவுல போக எங்களுக்கு உத்தரவு கெடையாது. போனேன். தண்ணிய நிறுத்தறேன், கயிறும் நாலு ஆளும் வேணும், ஒரு மனுசன் சாவறாருன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ‘தண்ணி கொறைஞ்சு தோலு கெட்டா உன் வேலை பூடும்’னாரு. சரின்னு வந்துட்டேன்.”

“கெட்டுப்போச்சா?”

“இல்ல. மறுநாள் பூரா நின்னு இறைச்சேன். பேஜார்தான். வுடுங்க.”

அவருக்கு எபெத்மெலேக் கதையைச் சொன்னேன். சேறு, கந்தல், கயிறு எல்லாம் சொன்னேன். பின்னால் நகரம் விழப்போகும் சமயத்தில், ‘நீ என்னை நம்பினாய், உன்னைத் தப்புவிப்பேன்’ என்று ஆண்டவர் அவருக்குத் தனியாகச் சேதி அனுப்பியதையும் சொன்னேன். அந்த மனிதர் ஜெபித்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. கந்தல் பொறுக்கியதுதான் இருக்கிறது. அதைத்தான் நம்பிக்கை என்று ஆண்டவர் கணக்கில் எடுத்திருக்கிறார்.

காசிம் பாய் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அவரு கயித்துக்கு முன்னால இன்னா பண்ணாரு?”

“ராஜாகிட்ட போனாரு. ஊர் வாசல்ல, அத்தனை பேர் நடுவுல. இந்தப் பெரிய மனுசங்க செஞ்சது தப்புன்னு சொன்னாரு.”

“அதான் வாத்தியார் கஷ்டம்” என்றார். “கந்தல் யாரு வேணா கொண்டாருவான்.”

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. ஆராதனையில் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் குத்தியது குத்தியதுதான். அத்தனை பேர் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளுக்கு, வாசலில் மெல்ல முணுமுணுத்த ஆளுக்கு, போதகர்மேல் எரிச்சல்பட என்ன யோக்கியதை?

ஆகவே, அச்சில் இருக்கட்டும்: என்னைக் கிணற்றிலிருந்து தூக்கியவர் காசிம் பாய். மணிக்கயிறு அல்ல, மூப்பர்கள் அல்ல, நீண்ட ஜெபமும் அல்ல.

இந்தப் பத்தியை எங்கள் ஸ்கூல் கமிட்டியில் நாலு பேர் வாராவாரம் படிக்கிறார்கள் — தெரிந்துதான் எழுதுகிறேன்.