ஓம் என்று கத்தியவன்

என் மனைவி கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு பழகப் போன முதல் மாதத்தில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து, பனிக்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் கர்க்லாண்டில் ஒரு நீச்சல் குளத்தில் பழகினார்கள். கோடை வந்ததும் ராக்கி மலைப் பக்கம் போய், பனி உருகிப் பாய்கிற ஆறுகளில் இறங்குவது திட்டம். நாற்பத்தாறு வயதில் இதென்ன புதுக்கூத்து என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் அலுத்துவிடும், ஹெல்மெட்டை பேஸ்மென்டில் கொண்டுபோய்ப் போடுவாள், அங்கே அவளுடைய யோகாப் பாய் ஏற்கெனவே தூசி பிடித்துக் கிடக்கிறது, அதற்கும் ஒரு துணையாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஈரத் தலையோடு இல்‑பிசாரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவாள். சோற்றைப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினால் சாப்பிட்ட கோப்பை காயும்வரை அதே கதைதான்.

“கையால இல்லயாம், இடுப்பாலதான் திருப்ப வேணுமாம். அவர் சொன்னார்.”

அந்த ‘அவர்’தான் குழுவின் தலைவன். கியூபெக்காரன், நெடியவன், நெஞ்சு வரை தாடி, சின்ன வயதிலிருந்தே ஆறுகளில் கிடந்தவன். மரியாதைக்கு அவர் என்றுதான் எழுதவேண்டும். எனக்குக் கை வரவில்லை. வீட்டில் நான் அவனுக்குத் தாடி என்று பெயர் வைத்தேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவன் நான், என் பெண்சாதிக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு தாடி பாடம் எடுப்பதா என்று பகிடியாகச் சொன்னேன். அவளும் வாவிக்கரையில் பிறந்தவள்தான். அவள் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் காரில் அவளை இறக்கிவிட்டு, திரும்பாமல், குளத்துக் கண்ணாடிக்குப் பின்னால் கோப்பியோடு உட்கார்ந்தேன். கயாக்கில் இருந்தபடியே கவிழ்ந்து, தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கி, துடுப்பை வீசி மறுபடி எழும்பும் வித்தையை அன்று பழகினார்கள். தாடி இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளுடைய கயாக்கின் மூக்கைப் பிடித்திருந்தான். அவள் கவிழ்ந்தாள், எழும்பினாள். மறுபடி கவிழ்ந்தாள், எழும்பினாள். மேலே வரும் ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அந்தத் தாடியைத்தான். பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் பெரிய கொடுமை. அவனுக்கும் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே “பொன்ஜூர்” என்று கை காட்டுவான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வீட்டில் நான் காரணமில்லாமல் அலுமாரிக் கதவுகளை அடித்துச் சாத்துவதைப் பார்த்துவிட்டு, “ஜாலூ” என்றாள் மகள். பிரெஞ்சில் அது பொறாமைக்காரன். அவளை முறைத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு போனைப் பார்த்தாள்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோடையில் எனக்கு விடுமுறை. அவர்களுடைய ஐந்து நாள் ஆற்றுப் பயணத்துக்கோ வான் ஓட்ட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். ஏறுவது ஓரிடம், கரை சேருவது இன்னோரிடம். ஆட்களை மேலே இறக்கிவிட்டு, வானைக் கீழே கொண்டுபோய்க் காத்திருக்க ஒருவன் இல்லாவிட்டால் எல்லாரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் திரும்பவேண்டும்.

“நீங்களும் வாங்களன், வான் ஓட ஆள் தேடுறாங்க,” என்றாள்.

“எனக்கு அங்க என்ன வேலை?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அன்றைக்கே பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

காவலுக்குத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எதைக் காவல் காக்கிறேன் என்று எனக்கே நன்றாகத் தெரியும். அவள் அவனோடு ஓடிப்போய்விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஐந்து நாளில் ஒரு தடவையாவது, ஆற்றில் பயம் வருகிற நேரத்தில், அவள் திரும்பிப் பார்க்கும் ஆள் நானாக இருக்கவேண்டும்.

முதல் மூன்று நாளும் அது நடக்கவில்லை. நான் நல்ல டிரைவராக மட்டும் இருந்தேன். மலை ஆறு நான் நினைத்தது போல நீலமாக இல்லை. பால் கலந்த பச்சை நிறம். கையை வைத்தால் விரல் எலும்புக்குள் குத்தியது. பாலங்களில் வானை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். வண்ண வண்ண ஹெல்மெட்டுகள் வரிசையாக வரும். முன்னுக்குத் தாடி, மூன்றாவதாக என் மனைவி. அவள் கண் தாடியின் முதுகிலேயே இருக்கும். நான் பாலத்திலிருந்து கை காட்டுவேன். மற்ற ஐந்து பேரும் திருப்பிக் கை காட்டுவார்கள்.

நான்காம் நாள் ஆற்றில் ஒரு பெரிய படி இருந்தது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் விழுந்து, கீழே வெள்ளையாகக் கொதித்தது. தெரு பக்கத்திலேயே போனதால், அந்த இடத்தில் நீயும் ஒரு கயிற்றோடு நில் என்று காலையில் தாடி எனக்குச் சொன்னான். கயிறு ஒரு சின்னப் பைக்குள் சுருட்டியிருக்கும். நுனியைப் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால் கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். எறிவதை நாலைந்து தரம் செய்து காட்டினான். எறிந்த உடனே குந்தவேண்டும், காலைக் கல்லில் ஊன்றி உதைக்கவேண்டும் என்றான். ஆற்று இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, கத்தவே வேண்டாம், கையை மேலே தூக்கினால் வரலாம் என்று பொருள் என்றும் சொன்னான். நான் தலையாட்டினேன். அவனிடமிருந்து பாடம் கேட்கிற நிலைமை வந்துவிட்டதே என்ற எரிச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

தாடி முதலில் இறங்கினான். கீழே கரையேறி, என்னிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பாறையில் தன் கயிற்றோடு நின்றுகொண்டான். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்தது என் மனைவி. படிக்கு மேலே, கரையோரம் தண்ணீர் அடங்கியிருந்த இடத்தில் அவள் கயாக்கைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. அவளுக்குப் பயம் என்று எனக்குத் தெரிந்தது. இருபது வருடம் பார்த்த முகம். அந்தப் பயத்தோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தது தாடியின் கையைத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சேர்! நான் இஞ்ச நிக்கிறன்!” என்று கத்தினேன்.

இரைச்சலை மீறி அது காதில் விழுந்திருக்கவேண்டும், அவள் கண்ணைத் திருப்பாமலே கத்திக் கேட்டாள். “கயிறு கையில இருக்கா?”

தமிழ்! அந்த மலையில், அந்த இரைச்சலில், எங்கள் இருவருக்கு மட்டுமான பேச்சு. தாடிக்கு இதில் ஓர் எழுத்தும் விளங்காது. அந்தச் சந்தோசத்தில், அவனுக்கும் கேட்கட்டும் என்றே, நெஞ்சு வெடிக்கக் கத்தினேன்.

“ஓம்! ஓம்!”

எங்கள் ஊரில் ‘ஓம்’ என்றால் ஆமாம். பிரெஞ்சில் ‘ஓம்’ என்றால் மனிதன். ஆற்றங்கரையிலோ கடலிலோ ஒருவன் அப்படிக் கத்தினால் ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்றுதான் கேட்பவன் நினைப்பான். எத்தனையோ வருடம் மொன்றியலில் இரண்டு ஓமையும் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். ஒருநாளும் ஒன்றை ஒன்று இடித்ததில்லை. அன்று இடித்தது. அப்போதுதான் அவளுக்கு வரலாம் என்று கை தூக்கியிருந்த தாடி துள்ளித் திரும்பி, தண்ணீரில் ஆளைத் தேடினான். மேலே தூக்கியிருந்த கையை விரித்து, நில் நில் என்று ஆட்டினான். விசிலை ஊதினான். ஆனால் அவன் கை தூக்கியதைப் பார்த்து அவள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டாள். படியின் விளிம்பில் வந்துதான் அந்தக் கை ஆட்டத்தைக் கண்டாள். நிறுத்தப் பார்த்தாள், கயாக் குறுக்கே திரும்பியது, அப்படியே விழுந்து கவிழ்ந்தது.

ஒரு தரம் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டாம் தரம் துடுப்பு மட்டும் வெளியே வந்தது. பிறகு அவளே கயாக்கை விட்டு வெளியே வந்து, தலை மட்டும் தெரிய, நுரைக்குள் உருண்டு வந்தாள்.

நான் பாறையின் விளிம்புக்குப் பாய்ந்து எறிந்தேன். அதே நேரத்தில் அவனும் எறிந்தான். என் கயிறுதான் முதலில் போய் விழுந்தது. அவள் கைக்கு மேலேயே விழுந்தது. அவள் அதைப் பிடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐந்து மாதமாக நான் ஏங்கிய பார்வை அது. பார்த்துவிட்டு, கையை விரித்து என் கயிற்றை விட்டாள். அடுத்த நொடி தாடியின் கயிற்றைப் பிடித்தாள். அவன் குந்தியிருந்து இழுத்து அவளைக் கரை சேர்த்தான்.

அவளைப் போர்வையால் சுற்றி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த பிறகு, விழுந்த ஆள் எங்கே என்று எல்லாரும் தலைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஒருவரும் குறையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மொழியில் ‘ஓம்’ என்றால் ஆமாம், உங்கள் ‘உய்’ என்று சொன்னேன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாடி கண்ணில் நீர் வரச் சிரித்து, என் முதுகில் தட்டினான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கும் எனக்கு அவன் மேல் எரிந்தது.

திரும்பும்போது அவள் முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். பின்னால் எல்லாரும் தூங்கினார்கள். நான் ஹீட்டரைக் கூட்டிவிட்டேன். மனதில் வைத்திருக்க முடியவில்லை.

“என்ட கயிறு உன்ட கையில பட்டது. ஏன் விட்டாய்?”

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“நீங்க கல்லுட நுனியில நிண்டீங்க. குந்தவும் இல்ல, லைஃப் ஜாக்கெட்டும் போடல்ல. நான் பிடிச்சுத் தொங்கியிருந்தா நீங்களும் உள்ளுக்க. உங்களுக்கு நீந்தவும் வராது. அவர் குந்தியிருந்தார், அவரைத் தண்ணி இழுக்காது.”

வானை ஓட்டிக்கொண்டே இருந்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறாள். கயிறு எறிந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது அவனுடைய கயிற்றை.

“ஏன் அவ்வளவு முன்னுக்குப் போனீங்க?” என்று கேட்டாள்.

அவன் கயிறு வருமுன் என் கயிறு போய்ச் சேரவேண்டும் என்று. அதைத் தவிர வேறு காரணமே இல்லை. வாய் வரை வந்தது.

“கல் வழுக்கிப்போட்டுது,” என்றேன்.

அவள் அதை நம்பினாள். இன்னும் குளிர்ந்திருந்த கையை என் கைமேல் வைத்தாள்.

“நாளைக்காவது கவனமா நில்லுங்க,” என்றாள்.