மாப்பிள்ளை அடித்த பெனால்டி

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத் தஞ்சாவூரில் மன்னார்குடி பஸ் ஏறினோம். கூத்தாநல்லூரில் கால்பந்துப் போட்டி. உடன் வந்த அலுவலகத் தோழி பர்வீனுக்கு அது சொந்த ஊர். வடுவூரைத் தாண்டியதும் இருபுறமும் சம்பா வயல்கள் அறுவடைக்குத் தயாராக மஞ்சளித்துக் கிடந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை.

“கோல் கீப்பர் என் தம்பி அன்வர், மேரிக்கா. வலது முட்டியில ஆபரேஷன் ஆகி, ஒரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இறங்குறான். எதிர்ல அதிராம்பட்டினம் டீம். அதுல கோல் அடிக்கிறவர் எங்க அக்கா வீட்டுக்காரர், ரியாஸ் மச்சான்.”

“நீ யார் பக்கம்?”

“வீட்டுல யாரும் யாரையும் அதை மட்டும் கேக்குறதில்ல.”

மன்னார்குடியில் பஸ் மாறி, மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நுழைவுச்சீட்டு ஐம்பது ரூபாய். பர்வீனின் அப்பா ஜப்பார் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ரியாஸ் களமிறங்கியதும் உள்ளூர்க் கூட்டமே கைதட்டியது. நான் திகைத்தேன்.

“நல்லா ஆடுற பிள்ளையப் பிடிக்காம போகுமா?” என்றார் ஜப்பார். “இன்னைக்கு ஒரு நாள் அந்தக் கால் வழுக்கினா போதும்.”

வழுக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே ரியாஸ் ஒரு கோல் அடித்தார். பந்து அன்வருக்கு வலப்பக்கமாகப் போனது. அவன் பாயாமல் நின்றுவிட்டான். “கீப்பர மாத்துங்கப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜப்பார் தலை குனிந்தார்.

பிற்பாதியில் உள்ளூர் அணி ஒரு கோல் திருப்பியபோது முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஆட்டம் முடியும் நேரத்தில் அதிராம்பட்டினத்துக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ரியாஸ். ஜப்பார் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா.”

மறுபடியும் வலப்பக்கம். அன்வர் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது. மைதானமே அலறியது.

“இது நம்ம ஊர் சத்தமா, அவங்க சத்தமா?” என்று ஜப்பார் கத்தினார்.

“உங்க ஊரு!”

அன்வர் எழவில்லை. கூட்டம் அடங்கியது. முதலில் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கியவர் ரியாஸ்தான். அன்வர் இரண்டு காலையும் ஊன்றி நின்றதும் கேலரிப் பலகைகள் அதிர்ந்தன. ஒன்றுக்கு ஒன்று, ஆட்டம் டிரா.

வீட்டில் பிரியாணியும், அதற்கு ஊற்றிக்கொள்ளத் தாளிச்சா என்ற பருப்புக் குழம்பும். பர்வீனின் அக்கா ஷபானா கணவரைக் கேட்டே விட்டாள்: “அவன் பிடிக்கட்டும்னு வேணும்னே அடிச்சீங்களா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்வரின் கை நின்றது.

ரியாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவனுக்கு அந்தப் பக்கம் விழ பயம்னு தெரிஞ்சுதான் அங்க அடிச்சேன். நிச்சயமா கோலுன்னு நெனச்சேன். இவன் பாய்வான்னு யாரு கண்டா?”

அன்று நான் பார்த்தவரை, அன்வர் சிரித்தது அப்போதுதான்.

ஏழரைக்கு விடைபெற்றோம். தஞ்சாவூரில் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது எதிரணி தோற்றால், சந்தோஷமாக டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போவேன். இங்கே எதிரணிக்காரர் கூடத்தில் உட்கார்ந்து, “மச்சான், இன்னும் கொஞ்சம் தாளிச்சா ஊத்து” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்வர் ஊற்றினான்.