மைக்ரோமீட்டர் வாயில் சந்தனம்

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மெஷின் பராமரிப்பு வேலையை விட்டுவிட்டுப் பரிமளா பெரம்பலூரில் பட்டறை போட்டபோது, "பொம்பள கையில எவன்யா புல்லட்டக் குடுப்பான்?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று அவள் பட்டறையில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆனால் அவளுக்கு வாய்த்த முதல் பழைய புல்லட் அவளைப் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா!

வண்டி லப்பைக்குடிக்காடு ஜியாவுதீனின் அத்தாவுடையது. மனைவி மவுத்தானதிலிருந்து அந்த மனுசர் வாசலைத் தாண்டவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்த மகன் எங்கே கூப்பிட்டாலும் மாட்டேன் என்ற தலையாட்டல்தான். "என் வண்டி ஓடுனா வரேன்" என்று ஒருநாள் வாய் திறந்தார். ஜியாவுதீனுக்கோ வெள்ளிக்கிழமை ஃப்ளைட்.

"எப்படியாவது பாருங்கக்கா" என்று கொண்டுவந்து விட்டான்.

இன்ஜினைப் பிரித்தாள். கிராங்க் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும்தான் அதற்கு உயிர்நாடி. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கலாம். கூடினால் இன்ஜின் காலி. அந்தக் காலத்து மாடலுக்கு மாற்று தேடினால் மாதக்கணக்கில் ஆகும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பின்னைக் கழுவித் துடைத்து மைக்ரோமீட்டரில் பிடித்தாள். தேய்மானம் கொஞ்சம்தான். அளவைச் சுவரில் சாக்பீசால் எழுதினாள்.

பூஜையன்று கருவிகளைத் தொடக்கூடாது. அவள் கணவன் ராசாங்கம் எல்லாவற்றையும் அடுக்கி, ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தான். மறுநாள் புஷ்ஷுக்குள் கேஜை விரித்து, அதை அதே மைக்ரோமீட்டரில் பிடித்து உள்ளளவை எடுத்தாள். அடக் கடவுளே! இடைவெளி எக்கச்சக்கம்.

ஜியாவுதீன் வந்து நின்றான்.

"தேறாது தம்பி" என்றாள்.

"அத்தாகிட்ட நான் என்னத்தக்கா சொல்றது?"

அவனுக்குக் காட்டவாவது என்று பின்னை மறுபடி அளந்தாள். சுவரில் எழுதியிருந்த அளவைப் பார்த்தாள். கிராங்க் பின் தடித்திருந்தது! தேய்ந்த இரும்பு தூங்கி எழுந்து சதை போடுமா? மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தாள். அது கவ்வும் முகத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"யோவ்! இதோட வாய்க்குள்ளயுமா பொட்டு வைப்ப?"

"அளக்குற எடம் அதானே, சாமி அங்கதான இருக்கணும்?" என்றான் ராசாங்கம்.

கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் வாயை மூடி, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் அளந்தது தன் தப்பும்தான். நன்றாகத் துடைத்து, பூஜ்யம் பார்த்து, இரண்டையும் புதிதாக அளந்தாள். இடைவெளி அதே மயிரிழைதான்.

"ஓடும் தம்பி, ஓடும்!"

வியாழக்கிழமை ஜியாவுதீன் வண்டியை ஓட்டிப்போனான். எதற்கும் இருக்கட்டுமென்று பரிமளா ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். சத்தம் கேட்டு அத்தா வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் இன்ஜினுக்குக் காது கொடுத்து நின்றார்.

"ஏறுங்கத்தா" என்றான் மகன்.

அத்தா படியிறங்கித் தெருவுக்கு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"நீ எறங்குடா. பின்னாடி உக்காரு."