மிஸ்டு கால் வந்தால்

எங்கள் நிறுவனம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. வயல் மோட்டாரைத் தூரத்திலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து விற்கிறோம். பெட்டி என் பங்குதாரருடையது. பெட்டிக்கு வேலை சொல்வதற்கான சின்ன நிரல்மொழி என்னுடையது. ‘கரண்ட் வந்தால் மோட்டாரைப் போடு’, ‘தண்ணீர் குறைந்தால் நிறுத்து’ என்று தமிழிலேயே எழுதலாம். அதில் எனக்கு ரொம்பவே பெருமை, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சண்டை ஒரே ஒரு சொல்லில் ஆரம்பித்தது. எங்கள் முதல் பெட்டியில் சிம் கார்டு உண்டு. அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் ஒரு ரிங் போய்த் தானாகக் கட் ஆகும், மோட்டார் ஓடும். ‘மிஸ்டு கால் வந்தால்’ என்பதை மொழியின் கோரிலேயே வைத்துவிடுங்கள் என்றார் பங்குதாரர். கோர் என்றால் எந்தப் பெட்டியில் ஏற்றினாலும் கூடவே வருகிற அடிப்படைச் சொற்கள். நான் கூடாது என்றேன். அது ஒரு பெட்டியின் வசதி, மொழியின் வசதி அல்ல. தனி லைப்ரரியாக, அதாவது வேண்டியவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளும் சொல்தொகுப்பாக, வெளியே வைத்தால் சிம் உள்ளவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். வசதி இல்லாத பெட்டியில் யாராவது எழுதினால், ‘இந்தச் சொல் எனக்குத் தெரியாது’ என்று பெட்டி முதலிலேயே நின்றுவிடும். சோறு எல்லார் இலையிலும் விழட்டும், வடையைக் கேட்டவருக்கு வைப்போம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

“மேடம், நம்ம ஜனங்க பெட்டிய வாங்குறதே அந்த மிஸ்டு காலுக்குத்தான். அதப் போயி வெளியில நிக்க வைக்கச் சொல்றீங்களே,” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். பெட்டியைக் காட்டப் போன இடமெல்லாம் விவசாயிகள் ஆளுக்கொரு ரிங் விட்டு, மோட்டார் உறுமுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். லைப்ரரி, அதைச் சேர்க்க ஒரு வரி என்று நான் ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். சொல் கோருக்குள் போய்விட்டது.

அடுத்த வருடம் பங்குதாரர் புதுப் பெட்டி கொண்டுவந்தார். அதை மொபைல் ஆப்பில் இயக்க வேண்டும். அதற்குள்ளும் சிம் உண்டு, ஆனால் டேட்டாவுக்கு மட்டும். மொழியை அதில் ஓட வைக்கும் வேலையை என்னிடம் தராமல் வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார். நான் கேள்வி கேட்பேனாம், தாமதமாகுமாம்.

என் தங்கை திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நிலத்தை இவள்தான் தனியாகப் பார்க்கிறாள். எங்கள் பெட்டியை முதலில் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. அக்கா எழுதிய மொழி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள். கோடையில் அவளுடைய பழைய பெட்டி இடி விழுந்து கருகிப்போக, மெக்கானிக் புதுப் பெட்டியை மாட்டி, பழைய நிரலையே அதில் ஏற்றினார். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. பச்சை விளக்கும் எரிந்தது.

அந்த வருடம் ஆற்றுத் தண்ணீர் தாமதம், ஐப்பசியில்தான் அவள் சம்பாவுக்கு நாற்று விட்டாள், அதுவரை மோட்டாருக்கு வேலையே வரவில்லை. முளை கட்டிய விதையைத் தெளித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய நாற்றங்கால் பள்ளம். மோட்டார் வைத்து இறைத்தால்தான் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து அவளுடைய பசு கன்று போட முடியாமல் தவித்தது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு நாள் அங்கேயே கிடந்தாள். கிடந்தவள் சும்மா இருக்கவில்லை, காலையும் மாலையும் பெட்டிக்கு ரிங் விட்டாள். ஒரு ரிங் போயிற்று, கட் ஆயிற்று. மோட்டார் ஓடுகிறது என்று நிம்மதியாகப் பசுவைப் பார்த்தாள்.

அந்தப் புதுச் சிம் எந்த அழைப்பு வந்தாலும் ஒரு ரிங்கில் தானே துண்டித்துவிடும். அதற்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். மோட்டார் ஓடவே இல்லை. பசு பிழைத்தது, கன்றும் பிழைத்தது. விதை மொத்தமும் தண்ணீருக்குள் மூச்சுமுட்டி அழுகிப்போனது.

அவள் போன் செய்து சொன்னதும் நேரே ஆபீசுக்குப் போய் அந்த வெளியாள் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ‘மிஸ்டு கால் வந்தால்’ என்ற சொல்லைப் புதுப் பெட்டி தலையாட்டி ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஒன்றுமே செய்யாமல் அடுத்த வரிக்குப் போகிறது. கோரில் இருக்கும் சொல்லாயிற்றே, தெரியாது என்று எப்படிச் சொல்லும்! பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

பங்குதாரரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். அவர் பதறவே இல்லை. அப்படி எழுதச் சொன்னதே தான்தான் என்றார். “பழைய புரோகிராம் புதுசுல எரர் காட்டினா ஜனங்க பயந்துருவாங்க மேடம். அதான் சத்தமில்லாம விடச் சொன்னேன்.” அதோடு விட்டாரா? இனி இப்படி ஆகாமல் இருக்க ‘ஆப் சொன்னால்’ என்று இன்னொரு சொல்லையும் கோரில் சேர்த்துவிடலாம் என்றார். நாளைக்கு ஆப் போய் வேறொன்று வரும், அதையும் சேர்ப்பார். நான் என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. கீழே மருந்துக்கடைக்காரர் மாடிப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று டீ சொல்லி அனுப்பினார் பங்குதாரர்.

மறுநாள் தங்கையைப் பார்க்கப் போனேன். நாற்றங்கால் நாறிக்கொண்டிருந்தது. மறுபடி விதை விட்டுச் சம்பாவைப் பிடிக்க நாளில்லை. அக்கம்பக்கத்தில் மீந்த நாற்றுக்காகச் சொல்லி வைத்திருந்தாள். பாதி நிலத்துக்குக் கிடைத்தாலே பெரிது. கோருக்கும் லைப்ரரிக்கும் நடந்த சண்டையை, நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அதெல்லாம் எனக்குப் புரியலக்கா. முடியலைன்னா முடியலைன்னு அந்தப் பெட்டி சொல்லிருக்கலாம்ல? நான் பக்கத்து வயக்காரங்களக் கூப்பிட்டிருப்பேன்.”

இரண்டு வருடமாக நான் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

பெட்டியை அவள் கழற்றி வைத்துவிட்டாள். நாங்கள் இருவரும் கல்லூரி நாளிலிருந்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொள்வோம். எடுக்க மாட்டோம், கட் ஆனால் போதும். அன்று நான் தஞ்சாவூர் வந்து இறங்கி வழக்கம் போல அவளுக்கு ஒரு ரிங் விட்டு வைத்தேன். உடனே திருப்பிக் கூப்பிட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டாள். நான் வாயைத் திறந்து, சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும் வரை போனை வைக்கவில்லை.