சுவரில் இரண்டு பட்டை

பெயிண்டருக்கு இரண்டு வருடமாகக் கண் ஏமாற்றுகிறது. சிவப்பும் நீலமும் நன்றாகத் தெரியும். தந்த நிறமும் சந்தன நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றாகிவிடும். நரம்புக் கோளாறு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண்தான். நிறம் தெரியாத பெயிண்டரை எவன் வீட்டுக்குள் விடுவான்?

விஷயம் தெரிந்தவள், கூடவே பட்டி பூசும் மனைவி ஒருத்திதான். மாதிரிக்கு இரண்டு பட்டை அடிக்கும்போது வெளிர் நிறத்தை எப்போதும் ஜன்னல் பக்கம் அடித்துவைப்பாள். மனிதர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பெரிய நிபுணர் மாதிரி பேசுவார். அந்த நடிப்புக்கே தனிக்கூலி கொடுக்கலாம்.

அன்று ஒரு படுக்கையறை. பட்டைகள் காய்ந்ததும் வீட்டுக்காரம்மா வந்தார்.

"மேஸ்திரி, இதுல எது தந்தம்?"

"ஜன்னல் பக்கம் இருக்கிறதும்மா. எவ்வளவு வெளிச்சமா இருக்கு பாருங்க!"

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார். "எனக்கென்னவோ அதுதான் அழுத்தமா தெரியுது. இருங்க, கடையில கொடுத்த கலர் கார்டை எடுத்துட்டு வர்றேன்."

அந்த அம்மா நகர்ந்ததும் பெயிண்டர் மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்கிப் பார்த்தார். ஒரே நிறம். பாழாய்ப்போன ஒரே நிறம்.

"ஏம்மா, மாத்தி அடிச்சிட்டியா?" என்றார் மனைவியிடம்.

"டப்பா மூடி ரெண்டும் மாறிப்போச்சு போலிருக்குங்க. மூடியில இருக்கிற நம்பரைப் பார்த்துத்தான் அடிச்சேன்."

"நம்பர் எதுக்கு? உன் கண்ணுக்குத் தெரியாதா?"

"ஒரு வருஷமா எனக்கும் தெரியலைங்க. சொன்னா நீங்க ஒடைஞ்சுபோயிடுவீங்கன்னு..."

இத்தனை நாளும் அவர் உலகத்தைப் பார்த்தது ஒரு டப்பா மூடியால். ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அதற்குள் செருப்புச் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

"கார்டு கிடைச்சிடுச்சு. மேஸ்திரி, தந்தம் எதுன்னு கை வெச்சுக் காட்டுங்க."

மூடி மாறியதை நினைத்து அவர் கதவுப் பக்கத்துப் பட்டையில் கை வைத்தார். புருஷன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, அதே நொடியில் அவள் ஜன்னல் பக்கத்துப் பட்டையில் கை வைத்தாள்.

வீட்டுக்காரம்மா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கார்டை அவர் பிரிக்கவே இல்லை.