செவலில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

“ஏட்டி, கல்யாணப் பத்திரிகை வந்தா சாப்பிடப் போனமா வந்தமான்னு இரு. எங்க பெரியப்பா வீட்டுப் படிய நான் ஏன் மிதிக்கலைன்னு ஒனக்கு எதுக்கு?” என்று பேத்தியைத் திட்டினேன். திட்டினால் போகிற பிள்ளையா? என் வாயைக் கொண்டு பிறந்தவள். சொல்லித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

வத்திராயிருப்புப் பக்கம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நிலம் பிரித்தார்கள். மேல்பக்கம் செவல் என்கிற செம்மண், கீழ்ப்பக்கம் களிமண். சீட்டுப் போட்டதில் களிமண் அப்பாவுக்கு விழுந்தது. இரண்டிலும் கிணறு இல்லை. தண்ணீர் கிடைக்காவிட்டால் அப்பா கூலிக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற மீட்டர்காரரைக் கூட்டி வரலாம், தண்ணீர் உள்ள பக்கத்தைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும் என்றார் பெரியப்பா. அவ்வளவு பாசம்.

மீட்டர்காரர் வருவதற்கு முன் மூன்று நாள், விடிந்ததும் பெரியப்பா என்னைச் செவலுக்குக் கூட்டிப்போய்க் குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்ற வைத்தார். சின்னப் பிள்ளை கையால் ஊற்றினால் ஊற்றுக்கண் திறக்குமாம். ஈரம் தெரியாமல் காய்ந்த மண்ணை அவரே தள்ளி மூடினார்.

“போர் போடுற வரைக்கும் யார்ட்டயும் சொல்லாத. சொன்னா ஊத்து ஒளிஞ்சுக்கிடும்.”

மீட்டர்காரர் இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, கரண்டு விட்டுப் பார்த்தார். “களிமண்ணுல கரண்டு சும்மாவே போகும், அத நம்பக் கூடாது. செவல்ல லேசுல போகாது. இங்க இம்புட்டுப் போகுதுன்னா அடியில தண்ணி கெடக்கு. உப்பு மண்ணா இருந்தாத்தான் ஏமாத்தும்” என்றார்.

உப்பு என்றதும் நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா அதில் பால்கோவாவை வைத்தார்.

அப்பா நிலத்தை மாற்றிக்கொண்டார். செவலில் போர் இறங்க இறங்கப் பாறைப் பொடிதான் பறந்தது. பின்னாளில் களிமண்ணில் பெரியப்பா கிணறு வெட்டித் தென்னை வைத்தார். அந்தத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் கூலியாள் எங்கள் அப்பா.

போர் பொய்த்த அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சாவு வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். போர்தான் போட்டாயிற்றே, இனிச் சொல்லலாம். பெரியப்பாவை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று நானே முந்திக்கொண்டேன்.

“பெரியப்பா சொன்ன மாதிரியே மூணு நாளு உப்புத் தண்ணி ஊத்திட்டேன். எங்கப்பாதான் இன்னுங் கொஞ்சம் ஆழமாப் போட்டிருக்கணும்.”